32 நானோசெகண்டில் ஒரு கோடு: நான் வைக்காத பாறை எங்கிருந்து வந்தது?

ஈரமண்:

வணக்கம். எம்.டெக் கடைசி செமஸ்டர். நிலத்தடி ராடார் சிமுலேஷன், இரு பரிமாணம், பைத்தான்ல நானே எழுதின எஃப்.டி.டி.டி (இடத்தையும் காலத்தையும் கட்டங்களா நறுக்கி அலையை நகர்த்தற முறை). மின்புலம் ஈ-இசட், காந்தப்புலம் ஹெச்-எக்ஸ், ஹெச்-ஒய்னு மூணு புலம்தான். கட்டம் 5 மி.மீ. மேலே 40 செ.மீ. காற்று, கீழே 1.6 மீட்டர் மண், அகலம் 2 மீட்டர். மண்ணோட எப்சிலான்-ஆர் (காற்றோட ஒப்பிட்ட மின் உட்புகுதிறன்) 9. அரை மீட்டர் ஆழத்துல ஒரு இரும்புக் குழாய். 400 மெகாஹெர்ட்ஸ் ரிக்கர் பல்ஸ். நாலு பக்கமும் வெளியே 10 அடுக்கு சி.பி.எம்.எல் (ஓரத்துக்கு வர்ற அலையைத் திருப்பாம விழுங்கற பி.எம்.எல் அடுக்குல ஒரு வகை).

ராடார் படத்துல குழாய் அழகா வருது. பல்ஸோட தாமதத்தைக் கழிச்சா சரியா 10 நானோசெகண்டுல உச்சி, ரெண்டு பக்கமும் மீசை மாதிரி இறங்குது. ஆனா 32 நானோசெகண்டுல இடமிருந்து வலம் வரைக்கும் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி ஒரு கோடு. அதுவும் குழாயை விடத் தடிமனா! கைடு படத்தைப் பார்த்துட்டு "அடியில பாறை வச்சிருக்கியா?"ன்னு கேட்டார். நான் எந்தப் பாறையும் வைக்கலை.

அடுக்கை 20 ஆக்கினேன். அலையை விழுங்க அந்த அடுக்குக்குக் கொடுக்கற கடத்துதிறன் சிக்மாவை ரெண்டு மடங்காக்கினேன், அப்புறம் பாதியாக்கினேன். கோடு இம்மிகூட மாறலை. சி.பி.எம்.எல் சமன்பாட்டை நாலு தடவை வரி வரியா ஒப்பிட்டுட்டேன். அடுத்த வாரம் ரிவ்யூ. யாராவது வழி சொல்லுங்க.

கட்டக்கணக்கு:

சி.பி.எம்.எல்லோட எதுக்கு மல்லுக்கட்டறீங்க? 1981-ல மூர் கொடுத்த எல்லை நிபந்தனையைப் போடுங்க. பத்து வரி நிரல், துணை அணிகள் எதுவும் வேண்டாம். வேகத்துக்கு மட்டும் ஒளிவேகத்தை √9-ஆல வகுத்துக்கோங்க. ரிவ்யூவுக்கு அது போதும்.

பழைய அலை:

மூர் வேண்டாம் தம்பி, இந்த வேலைக்கு ஆகாது. முதல் படி மூர் எல்லை நேர்க்குத்தாக வரும் அலையைத்தான் விழுங்கும். 45 டிகிரி சாய்வில் வந்தால் வீச்சில் 17 சதவீதம் திரும்பும், 60 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. உன் குழாய் எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது, அதனால் ஒரு கோடு போய் ஒன்பது கோடு வரும்.

உன் கோட்டுக்கு வருவோம். மண்ணில் வேகம் நானோசெகண்டுக்கு 0.1 மீட்டர். 1.6 மீட்டர் போய்வர 32 நானோசெகண்ட். ஆக, அது அடி எல்லைதான். சந்தேகம் இருந்தால் மண்ணை 20 செ.மீ. கூட்டி ஓட்டு, கோடு 36-க்கு இறங்கும். நிஜப் பொருளாக இருந்தால் இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. சிக்மாவை ரெண்டு மடங்காக்கியும் மாறவில்லை என்கிறாய். பி.எம்.எல்லில் குறை இருந்தால் கொஞ்சமாவது ஆடியிருக்கும். அலை உன் பி.எம்.எல்லுக்குள் ஒழுங்காக நுழையவே இல்லை என்று படுகிறது.

ஒரே ஒரு ஸ்கேனை, அதாவது ஒரு இடத்தில் பதிவான அலையை, எடுத்துத் தனியாக வரைந்து பார். குழாயின் எதிரொலியையும் 32-ல் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வை. இரும்பில் பட்ட அலை தலைகீழாகத் திரும்பும். 32-ல் இருப்பது எப்படி இருக்கிறது, நேராகவா, கவிழ்ந்தா?

ஈரமண்:

அண்ணே, 36-க்குப் போயிடுச்சு. குழாய்ல இருந்து வர்றது கவிழ்ந்திருக்கு. அடியில இருந்து வர்றது நேரா இருக்கு. இதுல இருந்து என்ன தெரியுது?

பழைய அலை:

உன் மண்ணுக்கு அடியில் காற்று இருக்கிறது.

மெதுவான ஊடகத்திலிருந்து வேகமான ஊடகத்துக்குப் போகும் அலைதான் குறி மாறாமல் திரும்பும். எப்சிலான் 9-லிருந்து 1-க்குப் போனால் (3−1)/(3+1), அதாவது வீச்சில் பாதி. தடிமனுக்குக் காரணம் அதுதான். அதுவும் நேர்க்குத்தாக வருவதற்கு. 19.5 டிகிரிக்கு மேல் சாய்ந்து வருவது அநேகமாக முழுதாகவே திரும்பிவிடும். எப்சிலான் அணியை நிரப்பும் வரியை இங்கே எழுது.

ஈரமண்:

ஐயோ. அணி மொத்தம் 420 வரிசை. எல்லாத்துலயும் முதல்ல 1 போட்டுட்டு, 90-ல இருந்து 410 வரைக்கும் 9 போட்டிருக்கேன். கடைசி 10 வரிசை பி.எம்.எல்தானேன்னு விட்டுட்டேன். அங்க மண்ணே இல்லை! அடுக்கை 20 ஆக்கினப்பவும் அதே மாதிரிதான், 20 வரிசை காற்று.

திருத்திட்டேன். தடிச்ச கோடு போச்சு. ஆனா காலத்தோட கூடற கெயின் (பெருக்கம்) போட்டா அதே இடத்துல மெலிசா ஒரு நிழல் தெரியுது. நேரடி அலையோட ஒப்பிட்டா மைனஸ் 41 டெசிபல். இப்ப அடுக்கைக் கூட்டினா குறையுது.

பழைய அலை:

கூட்டினால் குறைகிறது என்றால் இப்போதுதான் நிஜமான பி.எம்.எல் பிழைக்கு வந்திருக்கிறாய். 1994-ல் பெரங்கே கொடுத்த அடுக்கு, சமன்பாட்டு அளவில் எந்தக் கோணத்திலும் எதையும் திருப்பாது. கட்டங்களாக நறுக்கியதும் சிக்மா படிப்படியாக ஏறுகிறது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் திரும்புகிறது. நீ பயன்படுத்தும் சி.பி.எம்.எல் 2000-ல் ரோடனும் கெட்னியும் கொடுத்தது. அதற்கும் இதே கதிதான்.

ஈ-க்கும் ஹெச்-க்கும் ஒரே சிக்மா அணியைத்தானே வைத்திருக்கிறாய்? 1966-ல் யீ போட்ட கட்டவலையில் ஹெச் அரைக்கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதற்கான சிக்மாவையும் அரைக்கட்டம் தள்ளித்தான் கணக்கிட வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் என் நிரலிலும் இதே பிழை இருந்தது. படம் "பரவாயில்லை" என்கிற அளவுக்கு வந்துகொண்டே இருந்ததால் ஒரு வருஷம் கண்ணிலேயே படவில்லை. முழுசாக வெடித்துத் தொலைத்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

அடுத்தது உச்ச சிக்மா. 0.8(எம்+1)-ஐ 377 × கட்ட அளவு × √எப்சிலான்-ஆர் ஆல் வகுக்க வேண்டும்; எம் என்பது சிக்மா எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சொல்லும் அடுக்குக்குறி, 377 வெற்றிடத்தின் அலை மின்மறுப்பு (ஓம்). எம் 3 என்றால் உன் கட்டத்துக்குக் காற்றில் மீட்டருக்கு 1.70 சீமென்ஸ், மண்ணில் 0.57. அடிச்சுவருக்கு மண்ணின் எண்ணைப் போடு. பக்கச்சுவர்களில் காற்றும் மண்ணும் ரெண்டும் இருக்கிறதே என்று வரிசைக்கு வரிசை சிக்மாவை மாற்றிவிடாதே. சிக்மா-எக்ஸ் எக்ஸை மட்டுமே பொறுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பி.எம்.எல்லே இல்லை. சராசரி எப்சிலானில் ஒரே மதிப்பு எடுத்துக்கொள்.

சரிபார்க்க படத்தை நம்பாதே. ஒரே ஒரு ஸ்கேனுக்கு மட்டும் பெரிய கட்டவலை போடு. 40 நானோசெகண்டுக்குள் ஓரத்தைத் தொட்டுத் திரும்பி வராத அளவு: கீழே 2 மீட்டருக்கு மேல் மண் போதும், மேலேயும் பக்கங்களிலும் காற்று வழியாக ஓடிவிடும் என்பதால் 6 மீட்டருக்கு மேல் வேண்டும். அதிலிருந்து உன் சின்ன கட்டவலையின் விடையைக் கழி. மிச்சம் வருவது எல்லையின் பிழை மட்டும்.

ஈரமண்:

அரைக்கட்டம் தள்ளினேன். அதிலேயே பெரும்பகுதி போயிடுச்சு. சிக்மாவையும் மாத்தினப்புறம் கழிச்சுப் பார்த்தா உச்சம் மைனஸ் 68 டெசிபல், 10 அடுக்குலயே. கெயின் போட்டாலும் 32-ல ஒண்ணும் தெரியலை.

கட்டக்கணக்கு அண்ணே, ஆசைக்கு மூரையும் ஓட்டிப் பார்த்தேன். குழாயோட மீசைக்குக் கீழே இன்னும் ரெண்டு மீசை!

கைடுகிட்ட "பாறை இல்ல சார், காற்று"ன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, "அப்போ 1.2 மீட்டர்ல நிஜமாவே ஒரு பாறை வச்சுக் கொண்டா"ன்னுட்டார். 24 நானோசெகண்டுல வரணும். ஓடிட்டிருக்கு.