பைத்தான்: கூட்டல் குறி வேலை செய்கிறது, சம் மட்டும் மறுக்கிறது

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் மளிகைக் கடைக் கணக்குக்காகப் பைத்தான் நிரல்மொழியில் 'பணம்' என்று ஒரு கிளாஸ் (நாமே வரையறுக்கும் பொருள் வகை) எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃப்ளோட்டில் (தசம எண் வகையில்) 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதே, அதனால் தொகையை உள்ளே பைசாவாக, முழு எண்ணில் வைத்திருக்கிறேன். டண்டர் ஆட் (__add__, கூட்டல் குறி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் மெத்தட்) எழுதியதும் இரண்டு தொகையைக் கூட்டல் குறி போட்டே கூட்ட முடிந்தது, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இந்தத் தொகைகளின் லிஸ்ட்டை, எல்லாவற்றையும் கூட்டித் தரும் சம் (sum) ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் டைப் எரர். சம் 0-இல் தொடங்குவதால் முதலில் நடப்பது 0 + பணம்; இன்ட்டுக்கு (முழு எண் வகைக்கு) என் கிளாஸைத் தெரியாது, உடனே பைத்தான் வலப்பக்கப் பொருளில் டண்டர் ஆர்-ஆட் (__radd__, வலப்பக்கத்திலிருந்து கூட்டும் மெத்தட்) இருக்கிறதா என்று தேடுகிறது, அது என்னிடம் இல்லை. இதுவரை புரிகிறது. ஆர்-ஆட் எழுதி, 0 வந்தால் மட்டும் செல்ஃபை, அதாவது அந்தப் பணப் பொருளையே, திருப்பிவிடலாமா, இல்லை சம்முக்கே ஸ்டார்ட்டாக, அதாவது தொடக்க மதிப்பாக, பணம்(0) கொடுப்பதுதான் சரியா? வெறும் எண்ணைக் கூட்ட வழி திறந்துவிட்டால் நாளைக்கு 50 என்பது ரூபாயா பைசாவா என்று குழப்பம் வருமே, அதுதான் உறுத்துகிறது.

அப்புறம் இன்னொன்று. டண்டர் ஈக்யூ (__eq__, இரண்டு தொகை சமமா என்று பார்க்கும் மெத்தட்) எழுதிய பிறகு செட்டில் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராத தொகுப்பில்) போட்டால் அன்ஹாஷபிள் என்கிறது. ஈக்யூ மட்டும் எழுதினால் ஹாஷ் (செட்டில் பொருளைத் தேட உதவும் எண்) போய்விடுமாம். சரி, ஹாஷும் எழுதலாம், ஆனால் += குறிக்காக ஐ-ஆட் (__iadd__) எழுதி அதே பொருளின் பைசாவை மாற்றுகிறேன்; செட்டுக்குள் இருக்கும்போது மதிப்பு மாறினால் தேடினாலும் கிடைக்காதே! ஐ-ஆட்டையே எடுத்துவிட்டு ஃப்ரோஸன் டேட்டாகிளாஸாக (உருவாக்கிய பின் மதிப்பை மாற்ற முடியாத கிளாஸாக) மாற்றிவிடலாமா? அப்போதும் += ஆட் வழியாக, புதிய பொருளை உருவாக்கி, நடக்கும். பெரிய புராஜெக்ட்டில் இதைச் செய்தவர்கள் எந்த வழியில் போனீர்கள் என்று சொல்லுங்கள்.