சீன ஓவியத்தில் பாறை: அசையாத உறுதியா, ஓட்டைக் கல்லா?

கருங்கல்: சீன ஓவியத்துல பாறை வந்தா பொருள் ஒண்ணுதான். நீண்ட ஆயுள், அசையாத குணம். பூ வாடும், கல் நிக்கும். பிறந்தநாள் வாழ்த்துப் படங்கள்ல கல்லு இடம்பிடிக்கிறது அதனாலதான். இதுக்கு மேல தத்துவம் தேடறது வெட்டி வேலை.

ஈரமை: அசையாததா? அவங்க தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடின தாய்ஹு ஏரிக் கல்லைப் பாத்திருக்கீங்களா? ரசிகர்கள் சொன்ன லட்சணம் நாலு: மெலிஞ்சிருக்கணும், சுருக்கம் விழுந்திருக்கணும், உள்ள குடைவு ஓடணும், ஓட்டை வழியா அந்தப் பக்கம் தெரியணும். தண்ணி தின்ன கல்லுங்க அது! உறுதிக்கு இதுவா அடையாளம்?

கருங்கல்: அப்ப சோங் காலக் கவிஞர் சூ ஷி வரைஞ்சதாச் சொல்ற காய்ஞ்ச மரமும் பாறையும்? 2018ல ஹாங்காங் ஏலத்துல 46 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல போச்சே. அதுல ஓட்டை எங்க?

ஈரமை: அதையா எடுத்தீங்க! அந்தக் கல்லு நத்தை ஓடு மாதிரி சுருண்டு கிடக்கு. சூ ஷியோட மரமும் பாறையும் நெஞ்சுல முறுக்கிக் கிடக்கிற குமுறல் மாதிரின்னு எழுதினது அவர் காலத்து ஓவியர் மி ஃபூ. கல்லைப் பாத்துக் கும்பிட்டாரே, அதே ஆள்.

மரக்கட்டை: ரெண்டு பேரும் மரக்கட்டையில அடிச்ச அச்சுப் படங்களை மறந்துட்டீங்க. 1633ல நான்ஜிங்ல ஹூ ஜெங்யான் போட்ட பத்து மூங்கில் பட்டறைத் தொகுப்புங்கிற வண்ணப் படப் புத்தகத்துல கல்லுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. நானும் ஒரு கல்லு அடிச்சுப் பாத்தேன். கட்டையில பூசின சாயத்தை மேட்டுப் பக்கம் துணியால ஒத்தி எடுத்தா அங்க வெளுக்கும், பள்ளத்துல ஈரம் தங்கின மாதிரி கருக்கும். ஒரு தாள் மாதிரி இன்னொண்ணு வரலை. 1679ல வந்த கடுகுவிதைத் தோட்டக் கையேடுங்கிற ஓவியப் பயிற்சி நூல் கல்லுக்கு மூணு முகம் காட்டச் சொல்லுது. பாறையில போடற ஒரு வகைக் கோட்டுக்குப் பேரே சணல் நார். கல்லுல நார் உரிக்கிறதுன்னு நாம கேலி பேசறோம், அவங்க அதைப் பயிற்சியாவே வெச்சிருந்தாங்க :)

ஈரமை: அரசியலையும் சேத்துக்குங்க. சோங் பேரரசர் ஹுய்சோங் தலைநகர் கைஃபெங்ல இருந்த தன் தோட்டத்துக்குப் படகு படகா கல்லு கொண்டுவந்தார். பெரிய கல்லு நுழையாத இடத்துல பாலத்தையே இடிச்சாங்க. கடைசியில வடக்கேருந்து வந்த ஜின் படை முற்றுகை போட்டப்ப, நகரத்தைக் காத்தவங்க அதே தோட்டத்துக் கல்லை உடைச்சுக் கவண்ல வெச்சு எறிஞ்சாங்க. 1127ல ராஜாவும் கைதி.

கருங்கல்: கவண்ல போனாலும் கல்லு கல்லாத்தானே இருந்துச்சு?

மரக்கட்டை: துண்டு துண்டா.