ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர் ஐபி கொடுத்தபோது

மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்தேன். கீழே ஹாலில் ஃபைபர் மோடம். அதன் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளை) ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில் சொருகினேன். சிக்னல் முழுசாக வந்தது.

மறுநாளிலிருந்து தொல்லை. அப்பா போனில் நெட் வரும், அம்மா போனில் வராது. வைஃபையை அணைத்துப் போட்டால் அம்மாவுக்கு வரும், அப்பாவுக்குப் போய்விடும். மகளுக்கு செமஸ்டர் நேரம். மூன்று நாளும் என் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் படித்தாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. புகார் கொடுத்தோம். வந்தவர் லைனைச் சோதித்து, கோளாறே இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான்.

நாலாம் நாள் ராத்திரி இரண்டு போனையும் மேஜையில் அருகருகே வைத்து வைஃபை விவரத்தைத் திறந்தேன். அப்பா போனின் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) 192.168.1.6, கேட்வே (வெளியே போக வாசலாக நிற்கும் பெட்டி) 192.168.1.1. அம்மா போனில் 192.168.0.103, கேட்வே 192.168.0.1. மூன்றாவது எண் ஒன்றில் 1, இன்னொன்றில் 0 என்று இருந்ததைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது: இரண்டு பெட்டிகள் முகவரி கொடுக்கின்றன.

போன் வைஃபையில் சேர்ந்ததும், முகவரி வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் வசதி) ஓடுகிற எந்தப் பெட்டியும் பதில் சொல்லலாம்; முந்திக்கொண்டதைத்தான் போன் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். மோடம் முந்தினால் நெட் உண்டு. பழைய ரவுட்டர் முந்தினால் அது தன்னையே கேட்வேயாகக் காட்டும். ஆனால் அதன் வான் போர்ட் (இன்டர்நெட் லைன் சேரும் துளை) காலி. வெளியே போக வழி ஏது?

கேபிளைக் கழற்றி, லேப்டாப்பைப் பழைய ரவுட்டரோடு மட்டும் இணைத்தேன். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். ரீஸ்டார்ட் ஆனதும் அந்தப் புது முகவரியில் நுழைந்து டிஹெச்சிபியை நிறுத்தினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிஹெச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால், லேப்டாப் முகவரி கிடைக்காமல், தானே போட்டுக்கொண்ட 169.254 என்று தொடங்கும் எண்ணோடு நின்றுவிடலாம். அப்புறம் ரவுட்டருக்குள் நுழைவது பெரும்பாடு. பிறகு கேபிளை மறுபடி சொருகி, மோடத்தில் பூலை (அது கொடுக்கும் கடைசி எண்களின் வரம்பை) 100 முதல் 199 வரை என்று வைத்தேன். 2-ஐ அது வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்காது. அன்றிலிருந்து தொல்லை இல்லை.

மறுமொழி:
அண்ணா, எங்கள் வீட்டில் சிசிடிவி. மாட்ட வந்தவர் டிவிஆரில் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) 192.168.1.105 என்று கையாலேயே போட்டுவிட்டுப் போனார். அந்த எண் பூலுக்குள் இருந்தது. ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது, டிவிஆர் அணைந்திருந்தது. அந்த நேரம் வந்த சித்தப்பா போனுக்கு 105 போய்விட்டது. டிவிஆர் மறுபடி எழுந்ததும் இரண்டும் முட்டிக்கொண்டன. ஊரிலிருந்து கேமராவைப் பார்க்கவே முடியவில்லை. இப்போது டிவிஆரை ஆட்டோமேட்டிக்கில் விட்டு, ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு (கருவியின் சொந்த அடையாள எண்) 105-ஐ ரிசர்வ் செய்திருக்கிறேன்.

மறுமொழி:
தம்பி செய்ததுதான் சரியான வழி. பிரிண்டருக்கும் அப்படியே செய்யுங்கள். போனுக்கு ரிசர்வ் செய்வதாக இருந்தால் மட்டும் ஒன்று: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்கு உண்மையான மேக்கைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டும். வீட்டு வைஃபைக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு, அதன் பிறகு மேக் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.