பத்தொன்பது வயதில் கால்பந்தை விட்டுக் குத்துச்சண்டைக்குப் போகலாமா?

திருநகர்ச் சித்தப்பா:

என் அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி அணியில் வலது விங்கர், அதாவது வலது கோட்டோரமாக ஓடி ஆடுபவள். பள்ளியில் படிக்கும்போதே மாவட்ட அணிக்கு ஆடியவள். கொஞ்ச காலமாக மாலையில் குத்துச்சண்டைப் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருந்தாள். உடம்புக்கு நல்லதுதானே என்று வீட்டில் யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. போன வாரம், இனிமேல் குத்துச்சண்டை மட்டும்தான், மாவட்டக் கால்பந்து அணித் தேர்வுக்குக்கூடப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மதினி அழுகிறார். அப்பத்தா மட்டும், "அடிக்கத்தானே போகிறாள், அடி வாங்கவா போகிறாள்" என்று தெம்பாக இருக்கிறார்.

அவள் எங்கள் வாயை அடைக்கச் சொல்லும் பெயர் கேட்டி டெய்லர். அயர்லாந்தின் தேசியக் கால்பந்து அணிக்கு ஆடியவர். 2012 லண்டன் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 60 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். பிறகு தொழில்முறைக்குப் போய் 2019-இல் லைட்வெயிட் பிரிவின் முக்கியப் பட்டங்கள் அத்தனையையும் தன் பெயருக்குக் கொண்டுவந்தார். "அவரால் முடிந்ததே" என்கிறாள். என்ன பதில் சொல்வது?

ரேஸ்கோர்ஸ் ரெஃப்ரி:

பதில் இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். டெய்லர் சிறுமியாக இருந்தபோதே அப்பாவிடம் குத்துச்சண்டை கற்றவர். அப்பா பீட் டெய்லரும் குத்துச்சண்டை வீரர். பெண்களுக்குப் போட்டியே இல்லாத காலத்தில், தலைக்கவசத்துக்குள் முடியை மறைத்துக்கொண்டு பையன்களோடு மோதியிருக்கிறார். அயர்லாந்தில் முறைப்படி அனுமதி பெற்று நடந்த முதல் பெண்கள் போட்டி 2001-இல்தான். அதில் ஏறியபோது அவருக்குப் பதினைந்து வயது. அதன்பிறகு பல ஆண்டுகள் பந்தும் கையுறையும் சேர்ந்தேதான் போயின. ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்ப்பது என்று 2009-இல் முடிவானபோது அவர் ஏற்கெனவே இரண்டு முறை உலக சாம்பியன். இரண்டு உலகப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கால்பந்தை விடுவதும், சில மாதம் பஞ்சிங் பேக்கைக் குத்திவிட்டு விடுவதும் ஒன்றா?

நான் இருபது வருடமாக மதுரை வட்டாரத்தில் விசில் ஊதுகிறேன். நல்ல விங்கர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த எரிச்சலும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை.

புதூர் பொன்னி:

ரெஃப்ரி அண்ணே, நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். டெய்லர் சிறு வயதிலேயே தொடங்கினார், ஏனென்றால் அவர் அப்பா குத்துச்சண்டைக்காரர். மதுரையில் எத்தனை அப்பாக்கள் பத்து வயது மகளுக்குக் கையில் பேண்டேஜ் சுற்றி விடுகிறார்கள்?

இன்னொருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஸ்டேசி கோப்லேண்ட். தாத்தாவின் குத்துச்சண்டைக் கூடத்தில் வளர்ந்த பெண். ஆனால் அங்கே பெண்கள் அமெச்சூர் குத்துச்சண்டையில் இறங்கத் தடை இருந்தது. 1996-இல்தான் அது நீங்கியது. சிறுமிக்கு ரிங்கில் இடமில்லை என்றதும் கால்பந்துக்குப் போனார். இங்கிலாந்தின் இளையோர் அணிக்கு ஆடினார், ஸ்வீடன் வரை போய் ஆடினார். பிறகு கால்பந்தை முடித்துக்கொண்டு குத்துச்சண்டைக்கே திரும்பி, 2018-இல் ஜிம்பாப்வேயில் காமன்வெல்த் பட்டம் வென்றார். பிரிட்டனிலிருந்து அதை வென்ற முதல் பெண் அவர்தான். கதவைச் சாத்தி வைத்தது சங்கம், தாமதமாக வந்தாள் என்ற பெயர் மட்டும் அவளுக்கா? இங்கே சங்கம் சாத்தவில்லை, வீடு சாத்துகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிநாடு எதற்கு? மேரி கோம் தடகளத்திலிருந்து வந்தவர். 2000-இல் குத்துச்சண்டை தொடங்கி 2001-இல் உலகப் போட்டியில் வெள்ளி, 2002-இல் தங்கம். சவீட்டி பூரா மாநில அளவில் கபடி ஆடியவர், 2023-இல் உலக சாம்பியன். இவர்கள் வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள் இல்லையா?

செல்லூர்க்காரன்:

மூக்கு உடைந்தால் நாளைக்கு எவன் வந்து பெண் கேட்பான்? யாரும் சொல்லத் தயங்குவதை நான் சொல்கிறேன்.

எட்டாம் நம்பர்:

தயங்கவெல்லாம் இல்லை, எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்குக் கால்பந்தில் முன்பல் உடைந்தது. கல்யாணமும் ஆகிவிட்டது. அடுத்த விஷயத்துக்கு வாருங்கள்.

ரேஸ்கோர்ஸ் ரெஃப்ரி:

பொன்னி, மேரி கோம் பெரிய ஆள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் 2001-இல் நடந்தது பெண்களுக்கான முதல் உலகப் போட்டி. அன்றைக்கு எல்லா நாட்டுக்காரர்களும் புதியவர்கள். இன்றைக்கு நிலைமை என்ன? சித்தப்பா, பெண் எத்தனை கிலோ? ஐம்பத்தேழு என்றால், அந்தப் பிரிவில் 2025 லிவர்பூல் உலகப் போட்டியில் தங்கம் வாங்கிய ஜாஸ்மின் லம்போரியா நம் நாட்டிலேயே இருக்கிறார். ஹரியானாவின் பிவானிக்காரர். அந்த ஊரில் தெருவுக்கு ஒரு குத்துச்சண்டைக் குடும்பம். தேசியப் போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே, பன்னிரண்டு வயதிலிருந்து குத்திக்கொண்டிருக்கிற பெண்தான் எதிரே நிற்பாள்.

கால்பந்தில் அப்படி இல்லை, நாம்தான் முன்னால் இருக்கிறோம். தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு 2018-இல் மணிப்பூரை வீழ்த்திக் கோப்பை வாங்கியது. பல முறை சாம்பியனான மணிப்பூரை! 2023-இல் மறுபடியும் வாங்கியது. நம் பக்கத்துச் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. ஏறிய ஏணியை விட்டுவிட்டு அடுத்த சுவரில் முதல் படியிலிருந்து தொடங்குவது என்ன கணக்கு?

திருநகர்ச் சித்தப்பா:

ஐம்பத்தாறரை கிலோ. பயமாக இருக்கிறது அண்ணே, நீங்கள் சொல்வதைக் கேட்டால்.

பழைய பி.டி. வாத்தியார்:

இரு தரப்பும் பட்டங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காலைப் பற்றிப் பேசுகிறேன். கால்பந்திலிருந்து சில மாணவிகளை நான் குத்துச்சண்டைக்கு அனுப்பியிருக்கிறேன். ரிங்குக்கு வரும்போது அவர்களிடம் மூச்சு இருக்கும். தொண்ணூறு நிமிடம் ஓடிய பெண்ணுக்கு மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு என்றால் அல்வா சாப்பிடுவதுபோல என்று நினைப்பார்கள். முதல் ஸ்பாரிங்கிலேயே, அதாவது பயிற்சிச் சண்டையிலேயே, அந்த எண்ணம் போய்விடும். மைதானத்தில் பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது விங்கர் இடுப்பில் கை வைத்து நிற்கலாம். ரிங்கில் கையைத் தாழ்த்தினால் முகத்தில் விழும். கால் தளருமுன் தோள்பட்டை தளரும். அந்தத் தோளுக்குக் கால்பந்தில் வேலையே கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை காலைக் குறுக்கே வைப்பது. விங்கர் திசை மாறும்போது ஒரு காலுக்குக் குறுக்கே மறுகாலைப் போட்டுத்தான் திரும்புவாள். வருடக்கணக்கில் உடம்பில் ஊறிய பழக்கம். குத்துச்சண்டையில் அப்படி வைத்த நொடியில் நிலை தடுமாறும், லேசாகத் தொட்டாலே விழுவாள். ஒருத்திக்கு நான் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முன்கால் கோட்டுக்கு இந்தப் பக்கம், பின்கால் அந்தப் பக்கம் என்று நகரவைத்தேன். பிடிவாதக்காரி, அழுதுகொண்டே நகர்ந்தாள். அந்தப் பழக்கம் போக ஒரு பருவம் முழுக்க ஆனது. பிறகு மாநில அளவில் பதக்கம் வாங்கினாள். இன்னொருத்திக்குக் கடைசிவரை போகவில்லை.

ஆகவே சித்தப்பா, அவள் காலைக் குறுக்கே வைக்கிறாளா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். பதக்கக் கணக்கெல்லாம் அப்புறம்.

எல்லீஸ் நகர் பிசியோ:

மூக்கைப் பற்றிக் கவலைப்பட்டவருக்கு: மூக்கை நிமிர்த்திவிடலாம், மூளையைத்தான் முடியாது. குத்துச்சண்டையில் தலை என்பது இலக்கு. தலைக்கவசம் தோல் கிழிவதைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. வயது வந்தோருக்கான அமெச்சூர் போட்டிகளில் ஆண்களுக்கு 2013-லிருந்து அதை எடுத்தே விட்டார்கள். பெண்களுக்கு இன்னும் உண்டு.

ஆனால் கால்பந்து பாதுகாப்பு என்று யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் கால்பந்து வீரர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். மூளைச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடம் மூன்றரை மடங்கு. பந்தைத் தலையால் முட்டி முட்டி வந்த வினை என்று பலரும் சந்தேகிக்கிறார்கள். அது ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு. பெண்களுக்குக் கால்பந்தில் பெரிய எதிரி முழங்கால். உள்ளே குறுக்காக ஓடும் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

என்னைக் கேட்டால் எந்த விளையாட்டு என்பதைவிட எவரிடம் என்பதுதான் கேள்வி. ஸ்பாரிங்கில் பலமான அடி விழுந்து தலை சுற்றுகிறது என்று சொன்னால், பயிற்சியாளர் வீட்டுக்கு அனுப்பி டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாரா, தண்ணீர் தெளித்து மறுபடி ஏற்றுகிறாரா? இரண்டாவது என்றால் அன்றைக்கே அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செல்லூர்க்காரன்:

அப்படியானால் இரண்டும் வேண்டாம், கேரம் ஆடச் சொல்லுங்கள்.

எட்டாம் நம்பர்:

கேரமில் உலக சாம்பியனான பெண்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், கேலி வேண்டாம்.

சோற்றுக் கணக்கைப் பேசுவோம். நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள். அரசு வேலையில் நம் மாநிலத்தில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. என் கையில் இருந்தது எங்கள் அணி வென்ற பதக்கத்தின் சான்றிதழ். உண்மையைச் சொன்னால் இறுதிப் போட்டி முழுக்க நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். சான்றிதழில் பெஞ்ச் என்று போடவில்லை. குத்துச்சண்டையில் பெஞ்ச் கிடையாது. தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான். ஆகவே வேலை என்று பார்த்தால் கால்பந்துதான் நிச்சயமான வழி, நான் ரெஃப்ரி சார் பக்கம்.

ஆனால் ஒன்று. அந்தப் பதக்கத்தை நான் வரவேற்பறையில் மாட்டவில்லை. பீரோவுக்குள் இருக்கிறது.

புதூர் பொன்னி:

எட்டாம் நம்பர் அக்கா, உங்கள் கடைசி இரண்டு வரி என் தரப்புக்குத்தான் வாக்கு.

2012-இல் பெண்கள் குத்துச்சண்டைக்கு ஒலிம்பிக்கில் மூன்றே எடைப் பிரிவு. பாரிசில் ஆறு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஏழு, ஆண்களுக்குச் சமமாக. இடம் கூடுகிறது. நம் பெண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்கிலும் ஆடியதில்லை, உலகக் கோப்பையிலும் ஆடியதில்லை.

ரேஸ்கோர்ஸ் ரெஃப்ரி:

2025-இல் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என்று தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோமே, அது கணக்கில் இல்லையா? ஒலிம்பிக் பற்றிப் பேசுகிறீர்கள். உலகக் குத்துச்சண்டைச் சங்கத்துக்கும் ஒலிம்பிக் கமிட்டிக்கும் நடந்த சண்டையில் 2028-இல் குத்துச்சண்டை இருக்குமா இருக்காதா என்றே 2025 தொடக்கம்வரை இழுத்துக்கொண்டிருந்தது. அதை நம்பி ஒரு பெண் படிப்பையும் பந்தையும் அடகு வைக்க வேண்டுமா?

பழைய பி.டி. வாத்தியார்:

இவ்வளவு பேசுகிறோம், ஏன் விடுகிறாள் என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா?

திருநகர்ச் சித்தப்பா:

இன்று கேட்டேன். மொட்டை மாடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலேயே சொன்னாள்: "பந்து எனக்கு வருவதே இல்லை, சித்தப்பா. கோட்டோரமாக ஓடி ஓடிக் கை தூக்குகிறேன். நடுவில் இருப்பவர்கள் இடது பக்கமே ஆடுகிறார்கள். போன போட்டியில் பாதி நேரம் முடியும்போது என் பூட்டில் மண்ணே ஒட்டவில்லை. அங்கே மணி அடித்ததும் எதிரே நிற்பவள் என்னைத்தான் பார்க்கிறாள்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கயிற்றின் முனையைப் பிடித்துக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ரேஸ்கோர்ஸ் ரெஃப்ரி:

பந்து வராவிட்டால் விங்கர் கோட்டோரத்திலேயே காத்திருக்கக் கூடாது. உள்ளே இறங்கி மிட்ஃபீல்டின் காலடியிலிருந்து வாங்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்காதது கோச்சின் குற்றம், விளையாட்டின் குற்றமில்லை. இதற்காகவா ஒரு ஆட்டக்காரியை இழப்பது?

புதூர் பொன்னி:

அண்ணே, பத்து வருடம் ஓரத்திலேயே நிற்கவைத்துவிட்டு, இப்போது வந்து உள்ளே இறங்கி வாங்கு என்கிறீர்கள். அவள் இறங்கிவிட்டாள், வேறு இடத்தில்.

பழைய பி.டி. வாத்தியார்:

ரெஃப்ரி, இதற்குமேல் நீங்கள் வாதாடுவது அவளோடு இல்லை, அவளுடைய கோச்சோடு.

சித்தப்பா, பயிற்சிக் கூடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அவள் எடைக்குப் பக்கத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருத்திகூட இல்லையென்றால் பையன்களோடுதான் ஸ்பாரிங் செய்வாள். அது சில நாளுக்குச் சரி, காலத்துக்கும் சரிப்படாது. பிசியோ அம்மா சொன்ன தலைச்சுற்றல் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லீஸ் நகர் பிசியோ:

போட்டி நாட்களில் தினமும் காலையில் எடை போடுவார்கள். அதற்காகத் தண்ணீரை நிறுத்துவது, போர்வையைப் போர்த்திக்கொண்டு வெயிலில் ஓடுவது போன்ற கூத்துகள் அங்கே நடக்கின்றனவா என்றும் பாருங்கள். ஐம்பத்தாறரை கிலோ உள்ள பெண்ணை ஐம்பத்து நான்குக்கு இறக்குகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால், முடியாது என்று சொல்லுங்கள்.

திருநகர்ச் சித்தப்பா:

சனிக்கிழமை போகிறேன். அண்ணனையும் இழுத்துக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன். வருவாரா தெரியவில்லை. அப்பத்தா வருகிறேன் என்கிறார்.

ரேஸ்கோர்ஸ் ரெஃப்ரி:

போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாவட்டத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில். பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறது, நான் எடுக்கச் சொல்லவில்லை. பூட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கட்டும். பிடிக்காவிட்டால் போகட்டும்.

திருநகர்ச் சித்தப்பா:

பூட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள் அண்ணே. அவன் முனையில் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு திரிகிறான். ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்கும் தேர்வு உண்டா?