1990க்கு முந்தினதெல்லாம் பழைய காரா? வருசத்த வச்சு கிளாஸ் பிரிக்கிற கதைய விடுங்க

டீஎக்ஸ்_வேகன்: நேத்து தேத்தண்ணிக் கடையில ஒரு கதை கேட்டன், ராவு நித்திரையே வரல்ல. "நேர் ரோட்டில கால் மைல் ஓடுற ட்ராக் (drag) ஓட்டம் வச்சா 1990க்கு முந்தின கார் ஒரு கிளாஸ், பிந்தினது ஒரு கிளாஸ், அதுதான் நியாயம்" எண்டு. வருசமா ஓடுது? கால் மைல் எண்டா 402 மீட்டர், நம்மட கிண்ணியாப் பாலம் 396, அதவிட ஆறு மீட்டர்தான் கூட. அவ்வளவு தூரத்தில எடையும் குதிரைச்சக்தியும்தான் வேலை செய்யும், கார்ப் பதிவுப் புக்கில இருக்கிற வருசம் ஒண்டும் செய்யாது. அமெரிக்காவில என்எச்ஆர்ஏ எண்ட ட்ராக் ஓட்டச் சங்கத்திட ஸ்டொக் கிளாஸில 1960 காரும் ஓடுது புதுக் காரும் ஓடுது, எடைய குதிரைச்சக்தியால பிரிச்சு வாற கணக்குத்தான் கிளாஸ். தராசில ஏத்து, நிறு, பிரி, முடிஞ்சுது.

கேஈ20_உப்புவெளி: கடையில சொன்னது நான்தான், ஆளை மறைச்சுக் கதைக்கத் தேவையில்ல. ஒரே ஒரு கேள்வி அண்ணன். உங்கட டீஎக்ஸ் கொரோலாவுக்குள்ள இருக்கிறது டீஎக்ஸ் எஞ்சினா?

டீஎக்ஸ்_வேகன்: நான் கிளாஸப் பத்திக் கதைக்கிறன், நீ என்ட பொனட்டத் தூக்குறாய். என்ட டீஎக்ஸ், அதுதான் கேஈ70, அதுக்கு கொம்பனி போட்டது 4கே எஞ்சின், 1290 சிசி. நான் போட்டிருக்கிறது பிந்தி வந்த டொயோட்டா எஞ்சின், 20 வால்வ் 4ஏ-ஜிஈ, சில்வர் டொப், 160 குதிரை. ஊருக்கே தெரியும். நானும் உள்ள இருக்க 940 கிலோ, பிரிச்சா 5.9, எண் குறைஞ்சா வேகம் கூட. கிளான்சா தம்பிட டேர்போ ஸ்டார்லெட் அவனோட சேர்த்து 990, 135ஆல பிரிச்சா 7.3. இப்ப சொல்லு, என்ட பழைய கார் மேல் கிளாஸ், அவன்ட புதுக் கார் கீழ் கிளாஸ். உன்ட வருசக் கணக்கில இது வருமா?

கிளான்சா_பொடியன்: ஏன் அண்ணன் என்னை இழுக்கிறீங்க. என்டதும் 96ஆம் ஆண்டுக் கார், அதப் போய் புதுசு எண்டுறீங்க.

கேஈ20_உப்புவெளி: 135 எண்டது கடதாசியில தம்பி, டேர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தழுத்தத்த, பூஸ்ட்ட, ஏத்தினா எவ்வளவு எண்டு நீயே சொல்லமாட்டாய். அண்ணன்ட கணக்கெல்லாம் கடதாசிக் கணக்கு. ஏஈ86 கொரோலாட 4ஏ-ஜிஈ 130 எண்டு எழுதினாங்கள், பிறகு காரில பூட்டின மாதிரியே அளக்கிற 'நெட்' முறையில பாத்தா 120. அதே எஞ்சின், பத்துக் குதிரை எங்க போச்சு? 2008இல ஃபோர்ட் கோப்ரா ஜெட் எண்ட ட்ராக் கார இறக்கினதுக்குப் பிறகு அந்த ஸ்டொக் கிளாஸிலயே கொம்பனி சக்தியக் குறைச்சு எழுதிக் குடுத்திட்டாங்கள் எண்டு பழைய கார்க்காரர் கத்தினது அண்ணனுக்குத் தெரியாதோ? கேள்விக்கு இன்னும் பதில் வரல்ல. அது டீஎக்ஸ் எஞ்சினா?

சாம்பல்தீவு_பழசு: ரெண்டு பேருக்கும் சண்டை வராம ஒரு வழி இருக்கு, பிராக்கெட் முறை. அவனவன் தன்ட நேரத்த முன்னுக்கே எழுதிக் குடுக்கோணும். ஒருத்தன் 17.5, மற்றவன் 14.5 எண்டா 17.5காரனுக்கு 3 செக்கன் முந்திப் பச்சை லைட் விழும். எழுதினதவிட வேகமா ஓடினா தோல்வி. எஞ்சினும் பாக்கத் தேவையில்ல, வருசமும் பாக்கத் தேவையில்ல.

டீஎக்ஸ்_வேகன்: அது ஓட்டமில்ல ஐயா, கடிகாரம் பாக்கிற போட்டி. காசும் உழைப்பும் போட்டு வேகமாக்கினவனுக்கு அதில என்ன மரியாதை? 2020 மார்ச்சில கார் இறக்குமதிய நிப்பாட்டினாங்கள், 2025 பெப்ரவரியிலதான் திறந்தாங்கள், அந்த அஞ்சு வருசமும் புதுக் கார் எண்ட பேச்சே இல்ல, இருந்த பழசத்தான் பிரிச்சுக் கட்டினம், எஞ்சின் மவுண்ட்ட நானே வெல்ட் பண்ணினன், கியர்பொக்ஸ் டனல்ல சுத்தியலால அடிச்சு இடம் எடுத்தன், இப்பவும் கைய வச்சா அந்தப் பள்ளம் தெரியும். அந்தக் காரப் பாத்து பொய்க் கார் எண்டு சொல்றவன் ஒரு நட்டாவது கழட்டியிருக்கோணும்.

மூதூர்_மின்சாரம்: எலக்ட்ரிக் காருக்கு எந்தக் கிளாஸ்? எங்களுக்குக் கியர் மாத்துற வேலையே இல்ல.

டீஎக்ஸ்_வேகன்: அது வேற கதை, பிறகு பாப்பம்.

கேஈ20_உப்புவெளி: நட்டுக் கழட்டல்லயா? 2022இல பெற்றோல் கியூவில நிக்கக்குள்ள என்னட்ட வாங்கின, பெற்றோல் அளந்து விடுற வெபர் ஜெட் ரெண்டும் எங்க? பித்தளை, தலையில 125 எண்டு அடிச்சிருக்கும். என்ட கார்ப்ரேட்டரில இருந்து நான் கழட்டித் தந்தது. என்ட கேஈ20 கொரோலாவில இருக்கிறது அண்டைக்கு வந்த அதே 1166 சிசி எஞ்சின். நான் தோத்தாலும் 1972ஆம் ஆண்டுக் காரோட தோக்கிறன். நீங்க 83ஆம் ஆண்டுத் தகரத்துக்குள்ள 91ஆம் ஆண்டு எஞ்சின வச்சிட்டு பழைய கார் எண்டு வந்து நிக்கிறீங்க.

டீஎக்ஸ்_வேகன்: நான் எப்ப பழைய கார் கிளாஸ் கேட்டன்? மேல் கிளாஸில போடு எண்டுதானே எழுதியிருக்கிறன், கண் தெரியல்லயா? ஜெட் ரெண்டும் போன வருசமே உன்ட தம்பிட கையில குடுத்தாச்சு, வீட்டில கேள்.

கேஈ20_உப்புவெளி: தம்பி கட்டாருக்குப் போய் மூண்டு வருசம்.

சாம்பல்தீவு_பழசு: கார்க் கதைக்கு வாங்கடா.

டீஎக்ஸ்_வேகன்: வந்திட்டன். ஞாயிறு காலையில ஆறு மணிக்கு லொறி நிறுக்கிற தராசடிக்குக் கார்கள கொண்டு வாங்க, காசு நான் கட்டுறன். ஆளோட நிறுப்பம். கேஈ20காரர் ஸ்டெப்னியக் கழட்டாம வரோணும்.

கேஈ20_உப்புவெளி: வாறன். பொனட் திறந்துதான் இருக்கோணும்.