வாலென்சியாவில் ஃபிளாட்: அட்வான்ஸ் கட்டும் முன் என்ன பார்க்கணும்?

பழைய வண்ணை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பெயினில் வாலென்சியா நகரம், கடற்கரை ஓரம் கபான்யால் பகுதியில் ஒரு ஃபிளாட் பேசி வைத்திருக்கிறோம். விலை 2,00,000 யூரோ. 1968-ல் கட்டின கட்டடம், மூணாவது மாடி. விற்பவர் ஜெர்மனியில் இருக்கிறார், ஸ்பெயினில் குடியில்லை. நானும் மனைவியும் சென்னையில்தான் இருக்கிறோம், இந்திய பாஸ்போர்ட். கடன் வாங்கப் போவதில்லை. வண்ணாரப்பேட்டையில் என் பெயரில் இருந்த பூர்வீக வீட்டை விற்ற பணம் பேங்கில் இருக்கிறது.

ஏஜென்ட் 3,000 யூரோ கட்டி ரிசர்வ் பண்ணச் சொல்கிறார். பத்து நாளில் 10 சதவீதம், 45 நாளில் பத்திரம் என்கிறார். மொத்தம் எவ்வளவு கையில் வேண்டும்? பணத்தை எப்படி அனுப்புவது? எந்தெந்த பேப்பர் பார்க்கணும்? வீடு வாங்கினால் விசா கிடைக்குமா?

ராயபுரம் கணக்கு:

விசா கேள்விக்கு முதலில் பதில்: கிடைக்காது. 5,00,000 யூரோவுக்கு வீடு வாங்கினால் கிடைத்த கோல்டன் விசாவையே 2025 ஏப்ரல் 3-ஓடு நிறுத்திவிட்டார்கள். வீடு உங்களுடையதாக இருந்தாலும் ஷெங்கன் விசா எடுத்துத்தான் போகணும், 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்.

இனி பணம். வீட்டு விலை 2,00,000. பழைய வீட்டுக்கு மாநில அரசின் சொத்து மாற்று வரி உண்டு. வாலென்சியாவில் அது பல வருஷமாக 10 சதவீதமாக இருந்தது, 2026 ஜூன் 1 முதல் 9. மாட்ரிட்டில் 6, ஆந்தலூசியாவில் 7. பத்திரம் போடுகிற தேதியில் உள்ள வீதம்தான் கணக்கு என்பதால் வக்கீலிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று 10 வைத்தால் 20,000. நோட்டரியும் பதிவும் சேர்ந்து சுமார் 2,500. வக்கீல் 1 சதவீதம் கேட்டால் அதன் மேல் 21 சதவீத வாட் சேர்ந்து 2,420. ஆக மொத்தம் ஏறக்குறைய 2,25,000 யூரோ. சில ஏஜென்ட்கள் வாங்குபவரிடமும் கமிஷன் கேட்பார்கள். அது உண்டா இல்லையா என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதில்தான் சிக்கல். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். யூரோ 1.15 டாலர் என்றால் உங்கள் 2,25,000 யூரோ 2,58,750 டாலர் ஆகிறது. ஒருவர் பெயரில் அனுப்பினால் வரம்பு தாண்டிவிடும். ஆகவே பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பாதிப்பாதியாக இருக்கட்டும், பணமும் இருவர் கணக்கிலிருந்தும் பாதிப்பாதியாகப் போகட்டும். மனைவி பத்திரத்தில் இல்லாமல் அவருடைய வரம்பை மட்டும் உபயோகிக்க முடியாது. வீடு உங்கள் பெயரில் இருந்ததால், மனைவியின் பங்கை முதலில் அவருக்கு கிஃப்ட் செய்து ஆவணம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதியில் வரும் வாடகை வருமானம் வரிக் கணக்கில் உங்களோடுதான் சேரும்.

டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே பேங்க் பிடிக்கும் வரி, இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. ஒருவருக்கு வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை இல்லை, அதற்கு மேல் 20 சதவீதம். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் ஆளுக்கு 1 கோடியே 12.5 லட்சம் அனுப்புவீர்கள். 10 லட்சம் போக மீதியில் 20.5 லட்சம் பேங்க் பிடிக்கும். இருவருக்கும் 41 லட்சம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழியும், மீதி திரும்பி வரும். ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். வீட்டு விலையோடு இந்த 41 லட்சமும் கையில் இல்லாமல் அட்வான்ஸ் கட்டவே கூடாது.

பூர்வீக வீடு விற்ற லாபத்துக்கு, புது வீடு வாங்கினால் கிடைக்கும் வரி விலக்கு இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டும்தான். வாலென்சியா வீடு அதில் சேராது. வரியை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைக் கணக்குப் பாருங்கள். விற்றபோது கைடுலைன் மதிப்புக்குப் பத்திரம் போட்டு ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கியிருந்தால், அந்த ரொக்கம் ஸ்பெயினுக்குப் போக வழியே கிடையாது. அங்கே பேங்க் கிரயப் பத்திரம், ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் பக்கம் பக்கமாக ஒப்பிடும். தமிழில் உள்ள பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பும் கேட்பார்கள்.

வாங்கின பிறகு வருஷா வருஷம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பணும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024-ல் 20 லட்சம் வரையிலான வெளிநாட்டுச் சொத்துக்கு இதில் தளர்வு கொடுத்தார்கள், ஆனால் வீடு நிலத்துக்குக் கொடுக்கவில்லை.

கல்மண்டபம் டாக்குமெண்ட்:

நம்ம ஊர் பழக்கத்தில் முப்பது வருஷ வில்லங்கம், மூலப் பத்திரம் என்று தேடாதீர்கள். அங்கே பதிவு அலுவலகம் பத்திரத்தை வாங்கி வைப்பதோடு நிற்பதில்லை, உரிமையையே பதிவு செய்கிறது. பதிவேட்டை நம்பி நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கிப் பதிந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதனால் முதல் பேப்பர் நோட்டா சிம்ப்ளே, அதாவது பதிவேட்டின் சுருக்க நகல். ஆன்லைனில் 9 யூரோ சொச்சம், வாட் தனி. இப்போதைய உரிமையாளர், அடமானம், ஜப்தி எல்லாம் அதில் இருக்கும். ரிசர்வ் பணம் கட்டும் முன் ஒன்று, அர்ராஸ் (10 சதவீத அட்வான்ஸ் ஒப்பந்தம்) அன்று ஒன்று எடுங்கள். பத்திரத்தன்று நோட்டரி தானே பார்ப்பார்.

விலை குறைவாக வரும் விளம்பரங்களில் ‘நூதா புரோபியேதாத்’ என்று இருந்தால், உள்ளே இருப்பவர் ஆயுள் வரை அங்கேயே இருப்பார், உங்களுக்கு வீட்டுச் சாவி கிடைக்காது. ‘சின் பொசெசியோன்’ என்றால் யாரோ உள்ளே புகுந்து இருக்கிறார்கள் என்று அர்த்தம். நோட்டரி உங்கள் வக்கீல் இல்லை. பத்திரம் சட்டப்படி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஏஜென்ட் கைகாட்டும் வக்கீலும் வேண்டாம், தனியாகப் பிடியுங்கள்.

உங்கள் விஷயத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது விற்பவர் ஸ்பெயினில் குடியில்லாதவர் என்பது. அப்படியானால் விலையில் 3 சதவீதத்தை நீங்கள் பிடித்து, 211 என்ற படிவத்தில் ஒரு மாதத்துக்குள் வரித்துறைக்குக் கட்டணும். உங்களுக்கு அது 6,000 யூரோ. பிடிக்காமல் முழு விலையையும் கொடுத்துவிட்டால் அந்தப் பாக்கிக்கு வீடே பிணை ஆகிவிடும். நகராட்சியின் நில மதிப்பு உயர்வு வரியும் இப்படித்தான். சட்டப்படி விற்பவர் சுமை, ஆனால் அவர் வெளிநாட்டுக்காரர் என்பதால் நகராட்சி உங்களிடம்தான் வசூலிக்கும். வக்கீல் தொகையைக் கணக்குப் போட்டு விலையிலேயே கழிக்கட்டும்.

சொத்து மாற்று வரியில் ஒரு பொறி. 2022 ஜனவரி முதல் கத்தாஸ்த்ரோ என்ற அரசு சொத்து விவர அலுவலகம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறிப்பு மதிப்பு வைத்திருக்கிறது. நீங்கள் 2,00,000-க்கு வாங்கி அது 2,30,000 என்று காட்டினால் வரி 2,30,000-க்கு. நம்ம கைடுலைன் மாதிரிதான். பேரம் முடிவதற்குள் அந்த எண்ணைக் கேளுங்கள்.

அடுக்ககச் சங்கத்திடம் பாக்கியில்லாச் சான்று கண்டிப்பாக. நடப்பு வருஷமும் அதற்கு முந்தைய மூணு வருஷமும் உள்ள பராமரிப்புப் பாக்கி வீட்டோடு உங்கள் தலையில் வரும். கடைசி இரண்டு வருஷக் கூட்டக் குறிப்பையும் வாங்கிப் படியுங்கள். லிஃப்ட், முகப்பு வேலைக்குத் தனி வசூல் முடிவாகியிருந்தால் அதில்தான் தெரியும்.

திருவொற்றியூர் சிவில்:

1968 என்றதும் நான் கேட்பது அலுமினோசிஸ். 1950-லிருந்து 70-கள் வரை சீக்கிரம் இறுகும் என்பதற்காக அலுமினா சிமென்ட் போட்ட ரெடிமேட் விட்டங்களை ஸ்பெயினில் நிறைய உபயோகித்தார்கள். சூடும் ஈரமும் சேரும்போது அந்த சிமென்ட்டின் உள்ளமைப்பு மாறி, பொடித்தன்மை வந்து, பலம் குறைகிறது. 1990-ல் பார்சிலோனாவில் துரோ தெ லா பேய்ரா பகுதியில் கட்டடம் இடிந்த பிறகுதான் நாடு முழுக்கப் பேச்சானது. கடல்காற்று வீசும் இடம், குளியலறை, சமையலறைக்கு மேல் உள்ள கூரை, மொட்டைமாடிக்குக் கீழ்த்தளம், இவை முதலில் கெடும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருந்தால் ஒரு பலகையைக் கழற்றி விட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பு நிறம், உதிரும் ஓரம், கம்பித் துரு இருந்தால் லேப் டெஸ்ட் இல்லாமல் நகராதீர்கள். ஐம்பது வருஷம் தாண்டிய கட்டடம் என்பதால் கட்டட ஆய்வறிக்கையும் கேளுங்கள்.

வெள்ளம்: 2024 அக்டோபர் 29 அன்று பைபோர்த்தா, கத்தர்ரோஹா, அல்ஃபஃபார் எல்லாம் மூழ்கின. 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றை நகரத்துக்குத் தெற்கே திருப்பி வெட்டின புதிய கால்வாய்தான் நகரத்தைக் காத்தது. கால்வாய்க்குத் தெற்கே உள்ள லா தோர்ரே, முகவரியில் வாலென்சியா நகரம்தான், ஆனாலும் மூழ்கியது. மிக்ஜாம் வந்தபோது எந்தத் தெருவில் இடுப்பளவு, எதில் கணுக்காலளவு என்று நமக்குத் தெரியும், அங்கே தெரியாது. அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். கபான்யால் கால்வாய்க்கு வடக்கே, உங்களுடையது மூணாவது மாடி. பார்க்கிங் தரைக்கடியில் இருந்தால் மட்டும் விசாரியுங்கள்.

விளம்பரத்தில் 85 சதுர மீட்டர் என்றால் அது கட்டின பரப்பா, உபயோகப் பரப்பா என்று கேளுங்கள். சூப்பர் பில்ட்அப் விளையாட்டு அங்கேயும் உண்டு.

பழைய வண்ணை:

ரொம்ப நன்றி சார். 45 நாளில் இதெல்லாம் முடியுமா? பாஸ்போர்ட்டில் என் சர்நேம் கட்டம் காலி, மனைவிக்கு அப்பா பெயர் இருக்கு.

கல்மண்டபம் டாக்குமெண்ட்:

நல்லவேளை இப்போதே சொன்னீர்கள். ஸ்பெயினில் எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர், படிவத்தில் முதல் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்க முடியாது. வெளிநாட்டவர் எண்ணான என்.ஐ.இ.க்கு இ.எக்ஸ்-15 படிவம் கொடுக்கும்போது அதிகாரி ஒரு விதமாக நிரப்புவார், பேங்க் வேறு விதமாக நிரப்பும். சென்னை பேங்க் இனிஷியல் போட்டுப் பணம் அனுப்பும். மூன்று பேப்பரில் மூன்று ஆள். அங்கே பேங்க் பணத்தை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும், அதற்குள் கெடு போய்விடும். அதனால் முதலில் பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்த்து மறு வெளியீடு வாங்குங்கள். பான் கார்டும் பேங்க் கணக்கும் அதே எழுத்தில் இருக்கட்டும். என்.ஐ.இ. அதன் பிறகுதான். இருவருக்கும் தனித்தனி என்.ஐ.இ. வேண்டும், ஸ்பெயின் தூதரகம் வழியாகவும் கேட்கலாம்.

நேரில் போக முடியாவிட்டால் பவர் பத்திரம். இங்கே நோட்டரி, மாநில உள்துறை, வெளியுறவு அமைச்சக அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று முத்திரை) என்று போகலாம், ஆனால் நம்ம நோட்டரி கையெழுத்து தங்கள் நோட்டரிக்குச் சமம் இல்லை என்று சிலர் அங்கே தள்ளுவார்கள். ஸ்பெயின் தூதரகத்திலேயே எழுதிக் கொடுப்பது உறுதி. வாசகத்தை அங்கே உள்ள வக்கீல் அனுப்பட்டும்.

ஆக 45 நாள் போதாது. 90 நாள் கேளுங்கள். 3,000 கட்டுவதாக இருந்தால், நோட்டா சிம்ப்ளேயில் வில்லங்கம் இருந்தாலோ ஆய்வில் விட்டம் கெட்டிருந்தாலோ முழுசும் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்கிக் கட்டுங்கள். அர்ராஸில் சிவில் சட்டம் 1454-ஆம் பிரிவின்படி பெனிதென்சியாலேஸ் என்று பெயர் சொல்லி எழுதணும். நீங்கள் விலகினால் 20,000 போகும், விற்பவர் விலகினால் 40,000 தருவார், அதோடு கதை முடிந்தது. வெறும் அர்ராஸ் என்று மட்டும் இருந்தால் நீங்கள் விலகினாலும் வீட்டை வாங்கியே தீரணும் என்று விற்பவர் வழக்குப் போடலாம். என்.ஐ.இ. தாமதம், இந்திய பேங்க் பணம் விடுவிப்பதில் தாமதம் இரண்டுக்கும் 30 நாள் கூடுதல் கெடு என்று ஒரு வரி சேருங்கள்.

ராயபுரம் கணக்கு:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பேரம் முறிந்தால் ஸ்பெயின் பேங்கில் சும்மா கிடக்கும் பணத்தை 180 நாளுக்குள் இந்தியாவுக்குத் திருப்பணும். அதனால் முழுத் தொகையையும் ஒரே மூச்சில் அனுப்பாதீர்கள். அர்ராஸுக்கு முதல் தவணை, மீதி பத்திரத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு. வங்கியில் ஏ2 படிவத்தில் நோக்கம் வெளிநாட்டில் வீடு நிலத்தில் முதலீடு என்று இருக்கட்டும். குடும்பப் பராமரிப்பு என்று கவுண்டரில் போட்டுவிட்டால் பிறகு ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.