தோடர் பாடல்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவது எப்படி?

குழுவினருக்கு வணக்கம். உதகமண்டலத்துக்கு அருகே உள்ள ஒரு மந்தில் (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பில்), தோடர் குழந்தைகளுக்காக வயதான பாட்டி ஒருவர் பாடிய பதினொரு பாடல்களைச் சிறு ஏடாக அச்சிட முயன்று, நான்கு மாதங்களாக எழுத்திலேயே சிக்கி நிற்கிறேன்.

தோடர்களின் மொழியில் நாவின் மூன்று இடங்களில் பிறக்கும் ரகர ஒலிகளும், குரலின்றிக் காற்று உரசி எழும் லகர, ளகரங்களும் உண்டு. வெறும் தமிழ் எழுத்தில் எழுதி வாசித்துக் காட்டியபோது, எருமையின் பெயர் வரும் வரியில் பாட்டி சிரித்துவிட்டு, "இது எங்கள் எருமை இல்லை" என்றார். மூன்று அசை கொண்ட சொற்கட்டுகள் இணை இணையாக வரும் பாட்டு அது. ஓர் ஒலி பிசகினால் இணையே குலைகிறது.

எழுத்தின் கீழ் புள்ளியிட்டுப் பார்த்தேன். கணினியில் சரியாகத் தெரிந்தது, ஆண்ட்ராய்டு கைபேசியில் வெற்று வட்டமாகவும் அச்சகத்தில் கட்டமாகவும் மாறிவிட்டது. மொழியியலாளர் எமனோ 1930களில் கேட்டெழுதி 1971-இல் வெளியிட்ட தோடா பாடல்களின் குறியீடு துல்லியமானதுதான், ஆனால் ரோமன் எழுத்தில் அமைந்த அதை மூன்றாம் வகுப்புக் குழந்தை வாசிக்காது. குரல்வழித் தட்டச்சு, கேட்டதையெல்லாம் தமிழாக்கிவிடுகிறது. (அதில் வந்த வரிகள் தனி நகைச்சுவை.) ஒலிப்பதிவு மட்டும் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், குழந்தைகள் தாமே பாட்டெழுத வேண்டும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

தை மாதத்துக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டவும், கைபேசியிலும் அச்சிலும் சிதையாமல் இருக்கவும் தமிழ் எழுத்தோடு எந்தக் குறியையும் எழுத்துருவையும் பயன்படுத்தலாம்?